30 மீட்டரை ஒரே நேரத்தில் ஓடும் இருவருக்கு ஒரே ஸ்பிரிண்ட் பயிற்சி சரியா?

கேள்வி: ஏழாம் எண்

வணக்கம். சென்னையில் ஒரு சிறிய ரக்பி கிளப்பில் துணைப் பயிற்றுநராக இருக்கிறேன். 24 பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். பாதிப்பேர் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்ற பிறகு எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர்களும் இவர்களில் உண்டு. செவ்வாய், வியாழன் மாலைகளிலும் ஞாயிறு காலையிலும் கூடுகிறோம்.

மூன்று ஆண்டுகளாக எங்கள் வேகப் பயிற்சி ஒன்றேதான். எல்லோரும் கோட்டில் நின்று 40 மீட்டரைப் பத்து முறை ஓட வேண்டும். திரும்பி நடந்து வரும் நேரமே ஓய்வு. முன்னால் நின்று முட்டித் தள்ளும் கனமான ப்ராப் முதல் ஓரத்தில் வேகமாக ஓடும் விங்கர் வரை யாருக்கும் விதிவிலக்கு இல்லை. சென்ற மாதம் கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் (வினாடிக்கு 240 படங்கள்) எல்லோரையும் 30 மீட்டர் ஓடவிட்டுப் பதிவுசெய்து, 10, 20, 30 மீட்டர் குறிகளைக் கடந்த நேரங்களைத் தனித்தனியே எடுத்தேன். அப்போது கண்ட ஒரு விஷயம்தான் என்னை இங்கே எழுத வைத்தது.

எங்கள் ப்ராப் ஒருவர் 104 கிலோ எடையுள்ளவர். வடசென்னையில் பளுதூக்கிப் பழகியவர். விங்கர் ஒருவர் 76 கிலோ; பள்ளி நாட்களில் 400 மீட்டர் ஓடியவர். இருவரும் 30 மீட்டரை 4.74 வினாடியில் முடித்தார்கள். ஆனால் ப்ராப் முதல் 10 மீட்டரை 2.17 வினாடியிலும் 20 மீட்டரை 3.49 வினாடியிலும் கடந்திருக்கிறார். விங்கருக்கு அவை 2.28, 3.57 வினாடிகள். கடைசி 10 மீட்டரை மட்டும் எடுத்தால் ப்ராப்புக்கு 1.25 வினாடி, விங்கருக்கு 1.17. முடிவு நேரத்தை மட்டும் குறித்துவைக்கும் என் பழைய நோட்டில் இந்த இருவரும் ஒரே மாதிரியான ஆட்கள்.

இவர்களுக்குத் தனித்தனிப் பயிற்சி கொடுப்பது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எதைக் கொடுப்பது என்பதில்தான் தயக்கம். பலவீனத்தைத் திருத்துவதா, அல்லது அவரவர் ஆடும் இடத்துக்குத் தேவையானதை மேலும் கூர்மையாக்குவதா? டயர் இழுத்து ஓடினால் ஓட்டத்தின் வடிவம் கெட்டுவிடும் என்று ஒரு மூத்த வீரர் சொல்கிறார், அது உண்மையா? சென்ற பருவத்தில் எங்களில் இருவருக்குத் தொடையின் பின்தசை கிழிந்தது. இரண்டுமே செவ்வாய்க்கிழமை, எட்டாவது ஓட்டத்துக்குப் பிறகு நடந்தவை. அதற்கும் இந்தப் பயிற்சி முறைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கவலையும் என்னை விடவில்லை.

பதில்: ஓடுபாதை

ஐயா, நீங்கள் எடுத்த இடைநேரங்கள்தான் இந்தக் கேள்விக்கு வேண்டிய முதல் சான்று. பல கிளப்புகளில் அதைக்கூட எடுப்பதில்லை. பெரியமேட்டு ஓடுபாதையில் பல ஆண்டுகள் 200 மீட்டர் ஓடியவன், இப்போது மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு ஓட்டம் சொல்லித் தருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், 40 மீட்டரைப் பத்து முறை, நடந்து வரும் ஓய்வுடன் ஓடுவது வேகப் பயிற்சி ஆகாது. முழு வேகத்தில் ஓடும்போது தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட் என்ற பொருளின் சேமிப்பு சில வினாடிகளில் பெருமளவு கரைந்துவிடும். அது மறுபடி நிறைவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். ஓட்டப் பயிற்றுநர்கள் 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று ஓய்வுக் கணக்கு வைத்திருப்பதன் காரணம் இதுதான். அந்தக் கணக்கில் 40 மீட்டருக்குப் பிறகு நான்கு நிமிடம் நிற்க வேண்டும். உங்கள் வீரர்கள் அரை நிமிடத்தில் மீண்டும் ஓடுகிறார்கள் என்றால், நான்காவது ஓட்டத்திலிருந்து அவர்கள் பழகுவது களைப்போடு ஓடுவதை. ரக்பிக்கு அந்தப் பழக்கமும் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை வேகப் பயிற்சியின் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி அந்த இருவரைப் பற்றி. ஓடும் ஒருவர் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை, தொடக்கத்தில் மிக அதிகமாக இருந்து, வேகம் கூடக்கூடக் குறைந்துகொண்டே வரும். வேகத்தைக் கிடைக்கோட்டிலும் விசையைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்தால் அது ஏறத்தாழ ஒரு நேர்கோடாகச் சரியும். பிரான்சின் பியர் சமோசினோவும் ழான்-பெனுவா மொரானும் இந்தக் கோட்டை வெறும் இடைநேரங்களையும் உடல் எடையையும் வைத்தே கணக்கிடும் எளிய முறையை 2016-இல் வெளியிட்டார்கள். கோட்டின் ஒரு முனை, அசைவே இல்லாத நிலையில் ஒருவர் தரக்கூடிய விசை. மறுமுனை, இனி விசையே தர முடியாத உச்ச வேகம்.

உங்கள் எண்களை அந்த முறையில் போட்டுப் பார்த்தேன். ப்ராப்பின் தொடக்க விசை ஒரு கிலோ எடைக்கு 7.4 நியூட்டன் அளவிலும், உச்ச வேகம் வினாடிக்கு 8.2 மீட்டர் அளவிலும் வருகின்றன. விங்கருக்கு முறையே 5.9, 9.2. இன்னொன்றும் தெரிகிறது: பத்தாவது மீட்டரைக் கடக்கும்போது இருவரின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே, வினாடிக்கு 7 மீட்டர். அதாவது விங்கர் பின்தங்குவது முழுக்க முழுக்க முதல் ஐந்தாறு காலடிகளில்தான். அதன் பிறகு அவர் துரத்திப் பிடிப்பவர்.

ஆகவே விங்கருக்கு வேண்டியது, மெதுவான வேகத்தில் பெரிய விசையைப் பின்னோக்கிச் செலுத்தும் பழக்கம். அதற்குக் கனமான டயரை 10 முதல் 15 மீட்டர் வரை இழுப்பது நல்ல வழி. எவ்வளவு கனம் என்பதை எடையின் சதவீதமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ந்த புல்லிலும் ஈரப் புல்லிலும் அதே டயர் வேறு வேறு டயர்போல் நடந்துகொள்ளும். வேகத்தை அளவுகோலாக்குங்கள். டயருடன் அவர் எட்டும் அதிகபட்ச வேகம் அவருடைய உச்ச வேகத்தில் பாதியாக, அதாவது வினாடிக்கு 4.6 மீட்டராக இருக்க வேண்டும். பத்தாவது மீட்டரிலிருந்து பதினைந்தாவது மீட்டர் வரையிலான தூரத்தை 1.1 வினாடியில் கடந்தால் சுமை சரி. அதைவிட நேரம் கூடினால் குறையுங்கள். ஒரு மாலைக்கு ஐந்தாறு இழுப்புகள், இடையில் முழு ஓய்வு, கடைசியில் சுமையில்லாமல் இரண்டு ஓட்டம்.

ஓட்டத்தின் வடிவம் கெடும் என்று உங்கள் மூத்த வீரர் சொல்வது, உச்ச வேகத்தில் நிமிர்ந்து ஓடும் வடிவத்தைப் பற்றியது. கனமான டயரை இழுக்கும்போது உடல் முன்சாய்ந்து, கால் தரையில் நெடுநேரம் தங்கும். உச்ச வேகத்தில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. ஆனால் முதல் ஐந்து காலடிகளின் வடிவமும் அந்த முன்சாய்வுதானே. அதைப் பழக்கவே டயர். இதை விங்கரின் முழுப் பயிற்சியாக மாற்றினால் மட்டுமே அவர் அஞ்சுவது நடக்கும்.

ப்ராப்புக்கு இதற்கு எதிரானது. 20 மீட்டர் படிப்படியாக வேகம் ஏற்றி, அடுத்த 10 அல்லது 15 மீட்டரை உச்ச வேகத்தில் கடந்து, பிறகு மெல்ல நிற்பது. வாரம் ஒரு நாள், மூன்று ஓட்டம் போதும்.

பதில்: முன்வரிசை

மேலே ஓடுபாதை அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ப்ராப்பைப் பற்றிய கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரு அணியினரும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் பதினான்கு ஆண்டுகள் நின்றவன் நான்.

ஒரு ப்ராப் ஆட்டத்தில் 40 மீட்டர் தடையின்றி ஓடும் வாய்ப்பு அரிது. அவருடைய ஓட்டங்கள் பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டர் வரை. அவையும் கோட்டில் கால் வைத்து நின்று தொடங்குபவை அல்ல. ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளில்) விழுந்து எழுந்து ஓடுவார், பின்னோக்கி நடந்து வந்து திடீரென்று முன்னால் பாய்வார், மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தை வாங்கி வேகமெடுப்பார். ஆகையால் அவருடைய 2.17 வினாடி, புத்துணர்வோடு நின்ற நிலையிலிருந்து எடுத்த எண் என்பதை மறக்க வேண்டாம். குப்புறப் படுத்த நிலையிலிருந்து எழுந்து 10 மீட்டர் ஓடவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். பளுதூக்கிப் பழகியவர்கள் நின்ற இடத்தில் வலிமையானவர்கள். தரையிலிருந்து எழுவதில் சிலர் நேரத்தை இழப்பதை நான் கண்டிருக்கிறேன். அங்கே இழப்பு இருந்தால், அதுதான் அவருக்குரிய ஸ்பிரிண்ட் பயிற்சி.

இன்னொன்று, எடை. வேகம் கூட வேண்டும் என்று அவரை மெலியச் சொல்லிவிடாதீர்கள். மோதலில் கணக்குக்கு வருவது எடையும் வேகமும் பெருகிய உந்தம். 104 கிலோவும் வினாடிக்கு 7 மீட்டரும் சேர்ந்தால் 728. விங்கருக்கு அதே வேகத்தில் 532. ப்ராப் தம் வேகத்தை வினாடிக்கு 0.2 மீட்டர் கூட்டினால் கிடைக்கும் உந்தத்தை எடையால் பெற வேண்டுமென்றால் 3 கிலோ ஏற்ற வேண்டும். அந்த 0.2 மீட்டருக்காகத்தான் அவருக்கு வேகப் பயிற்சி தேவை. ஓட்டக்காரராக மாறுவதற்காக அல்ல.

இடத்தை வைத்து மட்டும் பிரிப்பதும் போதாது. விங்கர் என்ற ஒரே பெயருக்குள் 1.96 மீட்டர் உயரமும் முன்னால் நின்று மோதும் ஃபார்வேர்டின் எடையும் கொண்ட ஜோனா லோமுவும் இருந்தார், 1.71 மீட்டர் உயரமுள்ள செஸ்லின் கோல்பேயும் இருக்கிறார். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக லோமு நான்கு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தபோது ஆட்களின் மேலேயே ஓடிச் சென்றார். 2019 இறுதியாட்டத்தில் அதே இங்கிலாந்துக்கு எதிராகக் கோல்பே ஒரு காலில் ஊன்றித் திசை மாற்றி உள்ளே புகுந்தார். இவ்விருவரையும் ‘விங்கர் பயிற்சி’ என்ற ஒரே தாளில் எழுத முடியுமா?

பதில்: இயன்முறை, அண்ணா நகர்

பின்தசைக் காயம் பற்றிய உங்கள் கவலைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதுவே என் தொழில்.

வேகமாக ஓடும்போது பின்தசை கிழிவது பெரும்பாலும் கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகும் கடைசிக் கணத்தில்தான். அப்போது அந்தத் தசை நீண்டுகொண்டே, முன்னால் பாயும் காலைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. களைத்த தசை அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. எட்டாவது ஓட்டத்துக்குப் பிறகு இருவருக்கும் கிழிந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஓய்வு போதாத பத்து ஓட்டங்கள் அந்த இடரைக் கூட்டியிருக்கும். அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து, வண்டியில் ஒரு மணி நேரம் நெரிசலில் வந்து, இறங்கியதும் முழு வேகத்தில் ஓடுபவர்களுக்கு இருபது நிமிடமாவது படிப்படியான தயாரிப்பு வேண்டும். அதை நேரமில்லை என்று சுருக்காதீர்கள்.

ஆனால் பயந்துபோய் உச்ச வேகத்தையே தவிர்ப்பதும் தீர்வாகாது. வாரக்கணக்கில் முக்கால் வேகத்தில் மட்டுமே ஓடியவர், ஆட்டத்தில் ஒருநாள் திடீரென்று முழு வேகம் எடுக்கும்போது அந்தத் தசை அந்தச் சுமையைப் பழகியிருக்காது. ஆகவே ப்ராப் உட்பட எல்லோரும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது தங்கள் சொந்த உச்ச வேகத்தில் 95 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பதே என் கருத்து. மூன்று ஓட்டம் போதும் என்று ஓடுபாதை அவர்கள் சொன்னதற்கு, வேகத்தைத் தவிர இப்படி ஒரு காரணமும் உண்டு.

இதோடு நார்டிக் பயிற்சியைச் சேருங்கள். மண்டியிட்டு நிற்பவரின் கணுக்காலைத் துணைவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் இடுப்பை மடக்காமல் உடலை மெல்ல முன்னால் இறக்குவது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் ஐந்து முறை வீதம் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம், மறுநாள் வலி கடுமையாக இருக்கும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்யவே கூடாது.

காயமடைந்த இருவரும் திரும்பி வந்துவிட்டார்களா? வந்திருந்தால் அவர்களுடைய முதல் 10 மீட்டரைத் தனியே பாருங்கள். வலி போய், உச்ச வேகமும் திரும்பிய பிறகும் தொடக்க விசை குறைந்தே இருப்பது இந்தக் காயத்தில் அறியப்பட்ட ஒன்று. அவர்கள் எந்த இடத்தில் ஆடினாலும், அந்த விசை திரும்பும் வரை அவர்களுடைய பயிற்சி அதுதான்.

மறுமொழி: ஏழாம் எண்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒருவர் திரும்பிவிட்டார், அவருடைய முதல் 10 மீட்டர் 2.41 வினாடி. காயத்துக்கு முன்பு அளந்த எண் என்னிடம் இல்லை என்பது இப்போது உறுத்துகிறது. இனி யாருக்கும் அப்படி விடுபடக் கூடாது.

ப்ராப்பை நேற்று மாலை குப்புறப் படுக்கவைத்து அளந்தேன். முன்வரிசை அவர்கள் சொன்னது அப்படியே நடந்தது. எழுந்து 10 மீட்டரைக் கடக்க அவர் விங்கரைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நின்ற நிலையில் அணியிலேயே முதலிடத்தில் இருப்பவர் அவர்.

இரண்டு நடைமுறைச் சிக்கல்கள் மிச்சம் இருக்கின்றன. 24 பேருக்கு நான் ஒருவன், மொத்தமே 90 நிமிடம். ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சி எழுதினால் மேய்ப்பது எப்படி? இரண்டாவது, ஞாயிறு காலைகளில் மெரினா மணலில் ஓடுகிறோம். அதை வேகப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஓடுபாதை

முன்வரிசை அவர்களின் திருத்தத்தை முழுமனதோடு ஏற்கிறேன். நான் கோட்டிலிருந்து தொடங்கும் ஓட்டத்தை மட்டுமே நினைத்து எழுதினேன்; அது என் விளையாட்டின் பழக்கம்.

24 பேருக்கு 24 தாள் வேண்டாம். தயாரிப்பும் நார்டிக்கும் உச்ச வேகத்தைத் தொடும் இரண்டு ஓட்டங்களும் எல்லோருக்கும் பொது. தனியாக மாறுவது செவ்வாயன்று 20 நிமிடம் மட்டும். அந்த 20 நிமிடத்துக்கு மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: முதல் 10 மீட்டரில் பின்தங்குபவர்கள் டயர் இழுக்கட்டும், கடைசி 10 மீட்டரில் பின்தங்குபவர்கள் வேகம் ஏற்றிப் பறக்கட்டும், நின்ற நிலையில் நன்றாக ஓடியும் தரையிலிருந்து எழும்போது இழப்பவர்கள் அதைப் பழகட்டும். யாரை எங்கே சேர்ப்பது என்பதை அவருடைய எண் முடிவு செய்யட்டும், ஆடும் இடத்தைக் காட்டும், சட்டையின் முதுகில் உள்ள எண் அல்ல. முழு ஓய்வு தேவைப்படும் பயிற்சிகள் என்பதால் ஒரு கூட்டம் ஓடும்போது மற்ற இரண்டும் நிற்கும். நீங்கள் ஒருவரே மூன்றையும் பார்த்துவிடலாம்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அளங்கள். அதே காலணி, அதே தரை, அதே மாலை நேரம். மூன்று ஓட்டம் ஓடவிட்டுச் சிறந்ததை எடுங்கள். 240 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 0.004 வினாடிதான், ஆனால் முதல் அசைவு எந்தப் படத்தில் என்று முடிவு செய்வதில் அதைவிடப் பல மடங்கு பிழை வரும். 0.05 வினாடிக்குக் குறைவான முன்னேற்றத்தை நான் முன்னேற்றம் என்று எழுதமாட்டேன். கைப்பேசியைப் பக்கவாட்டில் நடுவில் வைப்பதால், ஓரங்களில் தூரக் குறியாக நட்ட கம்பங்களை அது நேராகப் பார்க்காமல் சாய்கோணத்தில் பார்க்கும். கைப்பேசி, கம்பம், ஓடுபவரின் இடுப்பு மூன்றும் ஒரே பார்வைக் கோட்டில் வரும் கணம்தான் அவர் 10 மீட்டரை எட்டிய கணமாக இருக்க வேண்டும். அதற்கேற்பக் கம்பத்தைச் சற்று நகர்த்தி நடுங்கள்.

மெரினாவைப் பற்றி: மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். கால் புதைவதால் தரை திருப்பித் தரும் எதிர்விசை வீணாகிறது. உச்ச வேகத்தில் ஒரு காலடிக்கு 0.1 வினாடியை ஒட்டியே கிடைக்கும் நேரத்தில் தரையை அடித்து எழும் பழக்கம் அங்கே வளராது. மூச்சுக்கும் மன உறுதிக்கும் மணல் நல்லது, மூட்டுக்கும் அதிர்வு குறைவு. ஞாயிற்றுக்கிழமை மணலில் ஓடுங்கள். ஆனால் அன்று யாருடைய நேரத்தையும் குறிக்க வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சேற்றுத் தரையில் உச்ச வேக ஓட்டங்களை நிறுத்திவிட்டு, அந்த வாரத்தில் டயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: ஏழாம் எண்

செவ்வாய் முதல் இப்படியே தொடங்குகிறேன். பத்து முறை 40 மீட்டரை எடுத்துவிட்டேன். லாரி டயர் இரண்டும் கார் டயர் நான்கும் சேர்த்துவைத்திருக்கிறோம். கடைசியாக ஒன்று: கயிற்றைத் தோளில் மாட்டுவதா, இடுப்பில் கட்டுவதா? எங்கள் வீரர்கள் தோளில் போட்டே பழகியவர்கள்.

பதில்: முன்வரிசை

இடுப்பில், தம்பி. தோளில் போட்டால் மேலுடல் பின்னால் இழுபட்டு, அதைச் சமாளிக்க இடுப்பு மடங்கிவிடும். அகலமான பெல்ட்டில் கொக்கி வைத்து, கயிற்றை நான்கு ஐந்து மீட்டர் நீளம் விடுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிச் சாய்ந்து, டயர் தரையிலிருந்து துள்ளும்.